பாரிஸ் தீர்ப்பு: ஒரு சிவப்பு ஒயின் போட்டியும் முப்பது ஆண்டு மறுமதிப்பீடும்

பாரிஸ் தீர்ப்பு என்பது 1976 மே 24 அன்று பிரான்ஸ் தலைநகர் பாரிஸில் நடைபெற்ற ஒயின் சுவைப்புப் போட்டியைக் குறிக்கும் பெயராகும். பிரான்ஸின் புகழ்பெற்ற ஒயின்களும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில ஒயின்களும் பெயர் மறைக்கப்பட்டு ஒன்பது பிரெஞ்சு நடுவர்களிடம் தரப்பட்டன. வெள்ளை ஒயின், சிவப்பு ஒயின் ஆகிய இரு பிரிவுகளிலும் கலிபோர்னியாவே முதலிடம் பெற்றது.

இந்த முடிவை ஏற்காதவர்கள் ஒரு வலுவான மறுப்பை முன்வைத்தனர். பிரெஞ்சுச் சிவப்பு ஒயின்கள் நீண்ட காலம் வைத்திருந்து அருந்துவதற்காகச் செய்யப்படுபவை. இளம் பருவத்தில் அவை இறுக்கமாக இருக்கும். கலிபோர்னிய ஒயின்கள் தொடக்கத்தில் கவர்ந்தாலும் விரைவில் தளர்ந்துவிடும். ஆகவே பத்து, இருபது ஆண்டுகள் கழித்து இதே ஒயின்களைச் சுவைத்தால் முடிவு தலைகீழாகும் என்பதே அந்த மறுப்பு. காலம் மட்டுமே விடை சொல்லக்கூடிய கேள்வி இது. அதே ஒயின்கள் 1978, 1986, 2006 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் சுவைக்கப்பட்டதால் அதற்கு விடையும் கிடைத்தது.

போட்டியின் பின்னணி

பிரான்ஸின் தென்மேற்கில் உள்ள போர்தோ பகுதி சிவப்பு ஒயினுக்குப் பெயர் பெற்றது. 1855 ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் விருப்பப்படி, போர்தோ தோட்டங்கள் ஐந்து தரங்களாகப் பிரிக்கப்பட்டன. ஒயின் தரகர்கள் பல ஆண்டு விற்பனை விலையையும் தோட்டங்களின் புகழையும் அடிப்படையாகக் கொண்டு இப்பட்டியலைத் தயாரித்தனர். 120 ஆண்டுகளுக்குப் பின்னும் அது பெரிய மாற்றம் இன்றி நிலைத்திருந்தது. 1973 இல் மூத்தோன் ரோத்ஷில்ட் தோட்டம் இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்திற்கு உயர்த்தப்பட்டதே குறிப்பிடத்தக்க மாற்றம்.

கலிபோர்னியாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் ஒயின் செய்யப்பட்டு வந்தது. ஆனால் 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் நாடு தழுவிய மதுவிலக்கு நடைமுறையில் இருந்தபோது அத்தொழில் நொடித்துப் போயிற்று. 1960களில்தான் நாபா பள்ளத்தாக்கிலும் சுற்றியுள்ள மலைப்பகுதிகளிலும் புதிய தலைமுறை உற்பத்தியாளர்கள் தோன்றினர். அவர்களில் பலர் வேறு துறைகளிலிருந்து வந்தவர்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த வாரன் வினியார்ஸ்கி 1964 இல் குடும்பத்துடன் நாபாவுக்குக் குடிபெயர்ந்தார். பிற ஒயின் ஆலைகளில் வேலை பார்த்துத் தொழில் கற்றார். நேதன் ஃபே என்ற விவசாயி வீட்டில் செய்த ஒயினைச் சுவைத்த பிறகு, அவரது நிலத்துக்கு அடுத்திருந்த பிளம் பழத் தோட்டத்தை 1970 இல் வாங்கித் திராட்சை நட்டார். அதுவே ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ். தத்துவம் பயின்ற பால் டிரேப்பர் 1969 இல் ரிட்ஜ் நிறுவனத்தில் சேர்ந்து, சாந்தா குரூஸ் மலையில் உள்ள மான்டே பெல்லோ தோட்டத்து ஒயின் தயாரிப்பைப் பொறுப்பேற்றார்.

ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் பாரிஸில் ஒயின் கடையும் ஒயின் பயிற்சிப் பள்ளியும் நடத்தி வந்தார். அவருடன் பணியாற்றியவர் அமெரிக்கரான பட்ரீசியா கல்லாகர். அமெரிக்க விடுதலையின் 200 ஆம் ஆண்டு நிறைவையொட்டி, கலிபோர்னிய ஒயின்களைப் பிரெஞ்சு வல்லுநர்களுக்கு அறிமுகம் செய்ய இருவரும் எண்ணினர். பிரான்ஸைத் தோற்கடிப்பது அவர்கள் நோக்கமன்று. அவர்களது கடையின் தொழிலே பிரெஞ்சு ஒயின்களை நம்பித்தான் இருந்தது.

போட்டி நடந்த விதம்

நடுவர்கள் ஒன்பது பேரும் பிரான்ஸில் மதிப்புமிக்க இடங்களில் இருந்தவர்கள். ஒயின் இதழின் ஆசிரியர் ஓதெத் கான், பர்கண்டி பகுதியின் புகழ்மிக்க ரொமானே-கோந்தி தோட்டத்தின் ஓபேர் டி வில்லேன், போர்தோவின் ஜிஸ்கூர் தோட்ட உரிமையாளர் பியேர் தாரி, உயர்தர உணவகங்களின் உரிமையாளர்கள், அரசு சார்ந்த ஒயின் தர நிறுவனத்தின் தலைமை ஆய்வாளர் ஆகியோர் அக்குழுவில் இருந்தனர்.

நம் பொதுத்தேர்வு விடைத்தாள்களில் மாணவரின் பெயரை மறைத்து எண் மட்டும் இடுவது வழக்கம். இங்கும் அதே முறை பின்பற்றப்பட்டது. பாட்டிலின் வடிவமே நாட்டைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால், எல்லா ஒயின்களும் அடையாளமற்ற பாட்டில்களுக்கு மாற்றப்பட்டன. பரிமாறும் வரிசை குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டது. சிவப்புப் பிரிவில் நான்கு போர்தோ ஒயின்களும், போர்தோவின் முக்கிய ரகமான காபர்னே சோவின்யோன் திராட்சையில் செய்த ஆறு கலிபோர்னிய ஒயின்களும் இருந்தன. நிறம், மணம், சுவை, இவற்றின் ஒத்திசைவு ஆகிய நான்கையும் கருதி ஒவ்வோர் ஒயினுக்கும் 20க்கு மதிப்பெண் இடும்படி நடுவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

சிவப்பு ஒயின்களின் இறுதி வரிசையில் முதல் ஐந்து இடங்கள் பின்வருமாறு அமைந்தன.

1. ஸ்டாக்ஸ் லீப் 1973 (கலிபோர்னியா)
2. மூத்தோன் ரோத்ஷில்ட் 1970 (போர்தோ)
3. மோன்ரோஸ் 1970 (போர்தோ)
4. ஓ-பிரியோன் 1970 (போர்தோ)
5. ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971 (கலிபோர்னியா)

ஆறாம் இடம் போர்தோவின் லெயோவில் லாஸ் காஸ் 1971க்குக் கிடைத்தது. ஏழு முதல் பத்து வரை ஹைட்ஸ், குளோ டு வால், மாயகமாஸ், ஃப்ரீமார்க் அபி ஆகிய கலிபோர்னிய ஒயின்கள் இருந்தன. பெயருக்குப் பின் வரும் ஆண்டு, திராட்சை அறுவடையான ஆண்டாகும்.

முதலிடம் பெற்ற ஒயின், நட்டு மூன்றே ஆண்டுகள் ஆன இளங்கொடிகளின் திராட்சையில் செய்யப்பட்டது. இரண்டாம் இடத்துக்கும் அதற்கும் இருந்த மதிப்பெண் வித்தியாசம் மிகச் சிறியது. அழைக்கப்பட்ட செய்தியாளர்களில் வந்தவர் டைம் இதழின் ஜார்ஜ் டேபர் ஒருவரே. சில நாள்களில் அவர் எழுதிய சிறு செய்தியால்தான் உலகம் இதை அறிந்தது. பிரெஞ்சு நாளேடுகள் பல மாதங்கள் கழித்தே இதைப் பற்றி எழுதின.

முதிர்ச்சி என்றால் என்ன?

மறுப்பாளர்களின் வாதத்தைப் புரிந்துகொள்ளச் சிவப்பு ஒயின் எவ்வாறு முதிர்கிறது என்பதை அறிய வேண்டும்.

சிவப்பு ஒயின் கருந்திராட்சையின் தோலோடும் விதையோடும் சேர்த்து நொதிக்க வைக்கப்படுகிறது. தோலிலிருந்து நிறமும், தோல், விதைகளிலிருந்து துவர்ப்புப் பொருளும் சாற்றில் இறங்குகின்றன. பாக்கு, நெல்லிக்காய், கடுந்தேநீர் ஆகியவற்றை வாயிலிட்டதும் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிப்பது போன்ற உணர்வு ஏற்படுகிறதல்லவா? அதே துவர்ப்புதான் இளம் சிவப்பு ஒயினிலும் தெரியும். ஆண்டுகள் செல்லச் செல்ல, துவர்ப்புப் பொருள்களும் நிறமிகளும் ஒன்றோடொன்று இணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. அவற்றில் ஒரு பகுதி மண்டியாக அடியில் படிகிறது. அதனால் துவர்ப்பு மென்மையாகிறது; நிறமும் ஊதா கலந்த சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறுகிறது. புதுப்புளி காலப்போக்கில் கறுத்துப் பழம்புளி ஆகும். ஒயினில் நேர்மாறாக, சிவப்பு வெளிறிப் பழுப்பேறுகிறது.

மணமும் மாறும். இளம் ஒயினில் முந்தி நிற்கும் பழவாசனை அடங்கி, காய்ந்த இலை, காளான், தோல் பொருள், புகையிலை ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் எழுகின்றன. ஆனால் எல்லா ஒயினும் இவ்வாறு மேம்படுவதில்லை. போதிய புளிப்பும் துவர்ப்பும் பழச்சுவையும் இல்லாத ஒயின் சில ஆண்டுகளிலேயே சப்பென்று ஆகிவிடும். துவர்ப்பு மட்டும் மிகுந்திருந்தாலும் பயனில்லை. பழச்சுவை வற்றிய பிறகு வெறும் துவர்ப்பே எஞ்சும். ஆகவே ஓர் ஒயினுக்கு ஏறுமுகம், உச்சம், இறங்குமுகம் என மூன்று கட்டங்கள் உண்டு.

பழைய ஒயினைச் சுவைக்கும் முறை

முதிர்ந்த ஒயினைத் திறப்பதற்கு ஓரிரு நாள் முன்பே, படுக்கை நிலையில் இருந்த பாட்டிலை நிமிர்த்தி வைப்பார்கள். அப்போதுதான் மண்டி அடியில் இறங்கும். பழைய தக்கை உதிரக்கூடும் என்பதால் மெல்லத் திறக்க வேண்டும். பாட்டிலின் கழுத்துக்குக் கீழே மெழுகுவத்தியையோ விளக்கையோ வைத்து, தெளிந்த ஒயினை வேறு கலனுக்கு மெதுவாக ஊற்றுவார்கள். மண்டி கழுத்தை எட்டும்போது ஊற்றுவது நிறுத்தப்படும். கஷாயத்தைத் தெளிய வைத்து இறுப்பது போன்ற வேலைதான் இது. மிகப் பழைய ஒயினின் மணம் காற்றுப்பட்டதும் விரைவில் மங்கிவிடக் கூடும் என்பதால், அதை நீண்ட நேரம் திறந்து வைப்பதில்லை.

பிறகு கோப்பையை வெள்ளைத் துணியின் மேல் சாய்த்து ஒயினின் விளிம்பைப் பார்ப்பார்கள். விளிம்பில் செம்பழுப்பு நிறம் எவ்வளவு பரந்துள்ளது என்பது வயதைக் காட்டும். அடுத்து கோப்பையைச் சுழற்றி முகர்வார்கள். பின்னர் ஒரு வாய் எடுத்து, புளிப்பு, துவர்ப்பு, பழச்சுவை ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று நோக்கி, உமிழ்ந்துவிடுவார்கள். உமிழ்ந்த பிறகு வாயில் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் முக்கிய அளவுகோல். பத்து ஒயின்களை மதிப்பிடுபவர் அனைத்தையும் விழுங்கினால் கடைசி ஒயினுக்கு நியாயம் செய்ய முடியாது.

இளம் ஒயினை மதிப்பிடும்போது, அது பின்னாளில் என்னவாகும் என்பதையும் சுவைப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. முதிர்ந்த ஒயினில் அந்த ஊகத்துக்கு இடமில்லை. அது தாங்கியதா, தளர்ந்ததா என்பது கோப்பையிலேயே தெரிந்துவிடும். பாரிஸ் போட்டியின் மறுசுவைப்புகள் முக்கியத்துவம் பெறுவது இதனால்தான்.

மறுமதிப்பீடுகள்

1978 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ நகரில் இதே சிவப்பு ஒயின்கள் மீண்டும் பெயர் மறைத்துச் சுவைக்கப்பட்டன. ஸ்டாக்ஸ் லீப், ஹைட்ஸ், ரிட்ஜ் ஆகியவை முதல் மூன்று இடங்களைப் பெற்றன. மூத்தோன் நான்காவதாக வந்தது. இரண்டு ஆண்டுகூட ஆகாததால், இதைக் கொண்டு முதிர்ச்சி பற்றிய கேள்வியை முடிவு செய்ய இயலவில்லை.

பத்தாம் ஆண்டு நிறைவான 1986 இல் இரண்டு சுவைப்புகள் நடந்தன. நியூயார்க்கில் உள்ள பிரெஞ்சு சமையற்கலைப் பள்ளியில் நடந்ததில், 1976 இல் எட்டாவதாக வந்த குளோ டு வால் 1972 முதலிடம் பெற்றது. ரிட்ஜ் இரண்டாம் இடமும் மோன்ரோஸ் மூன்றாம் இடமும் பெற, ஸ்டாக்ஸ் லீப் ஆறாம் இடத்துக்கு இறங்கியது. வைன் ஸ்பெக்டேட்டர் இதழ் நடத்திய மற்றொரு சுவைப்பில் ஹைட்ஸ் முதலிடமும் மாயகமாஸ் இரண்டாம் இடமும் ரிட்ஜ் மூன்றாம் இடமும் பெற்றன. வெள்ளை ஒயின்கள் உச்சம் தாண்டிவிட்டதாகக் கருதப்பட்டதால் அவை மீண்டும் சுவைக்கப்படவில்லை.

2006 மே 24 அன்று, சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, நாபாவிலும் லண்டனிலும் ஒரே நாளில் இரு குழுக்கள் அதே சிவப்பு ஒயின்களைச் சுவைத்தன. அப்போது பெரும்பாலான ஒயின்களுக்கு வயது 33 முதல் 36 வரை. மறுப்பாளர்கள் கேட்ட கால அவகாசம் தாராளமாகவே கிடைத்திருந்தது. இரு குழுக்களின் மதிப்பெண்களையும் சேர்த்தபோது வரிசை இவ்வாறு அமைந்தது: முதலிடம் ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971, இரண்டாம் இடம் ஸ்டாக்ஸ் லீப் 1973, மூன்றாம் இடத்தில் சமமாக ஹைட்ஸ் 1970, மாயகமாஸ் 1971, ஐந்தாம் இடம் குளோ டு வால் 1972. முதல் ஐந்தும் கலிபோர்னிய ஒயின்கள். போர்தோவின் நான்கும் ஆறு முதல் ஒன்பது வரையிலான இடங்களைப் பெற்றன.

தீர்ப்பின் மீதான குறைகள்

இம்முடிவுகளைப் படிக்கும்போது சில குறைகளையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவதாக, 1976 போட்டியில் வெள்ளை ஒயின் முடிவுகள், சிவப்பு ஒயின்களைச் சுவைப்பதற்கு முன்பே அறிவிக்கப்பட்டன. கலிபோர்னியா வென்றதை அறிந்த பின்னரே நடுவர்கள் அடுத்த பிரிவுக்குச் சென்றனர். ஒரு தாளின் மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த தாளைத் திருத்தச் சொல்வது போன்றது இது. பெயர் மறைக்கப்பட்டிருந்தாலும் மனம் முற்றிலும் நடுநிலையில் இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவதாக, பத்தில் ஆறு ஒயின்கள் கலிபோர்னியாவைச் சேர்ந்தவை. முதலிடம் பெறும் வாய்ப்பு எண்ணிக்கையிலேயே அதற்குக் கூடுதலாக இருந்தது.

மூன்றாவதாக, மதிப்பெண்கள் அப்படியே கூட்டப்பட்டன. ஒரு நடுவர் 12க்கும் 16க்கும் இடையிலேயே மதிப்பெண் இட, மற்றொருவர் 2 முதல் 17 வரை இட்டால், இரண்டாமவரின் விருப்பு வெறுப்பே மொத்தத்தை அதிகம் அசைக்கும். மதிப்பெண்களை வரிசை எண்களாக மாற்றிக் கூட்டுவது இக்குறையைத் தவிர்க்கும் என்பதைப் பொருளியலாளர்கள் ஆர்லி ஆஷன்ஃபெல்டரும் ரிச்சர்ட் குவாண்ட்டும் 1999 இல் இப்போட்டியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினர்.

நான்காவது குறை மனித நாக்கையே சார்ந்தது. 2001 இல் வெளியான ஓர் ஆய்வில், போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் பற்றிப் படித்த 54 மாணவர்களுக்கு மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயின் தரப்பட்டது. அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர். கலிபோர்னிய மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ராபர்ட் ஹாட்சன் செய்த ஆய்வு 2008 இல் வெளிவந்தது. ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை ஊற்றிக் கொடுத்தபோது, ஏறக்குறைய பத்தில் ஒரு நடுவரே சீராக மதிப்பெண் இட்டார்.

பழைய ஒயினில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே தோட்டம், ஒரே ஆண்டு என்றாலும் தக்கையின் தன்மை, வைத்திருந்த இடத்தின் வெப்பம் ஆகியவற்றால் ஒவ்வொரு பாட்டிலும் வெவ்வேறு விதமாக முதிரும். முப்பது ஆண்டு கழித்துச் சுவைப்பவர் அந்த ஒரு பாட்டிலின் வரலாற்றையும் சேர்த்தே சுவைக்கிறார்.

எது நிலைத்தது?

ஐந்து சுவைப்புகளில் முதலிடம் பெற்றவை நான்கு வெவ்வேறு ஒயின்கள். குளோ டு வால் எட்டிலிருந்து ஒன்றுக்கு ஏறியது. ஸ்டாக்ஸ் லீப் ஒன்றிலிருந்து ஆறுக்கு இறங்கி மீண்டும் இரண்டுக்கு வந்தது. ஆகவே இவற்றுள் எது உலகின் சிறந்த ஒயின் என்ற கேள்விக்கு இப்போட்டிகள் உறுதியான விடை தரவில்லை. மிகச் சிறிய வித்தியாசத்தில் கிடைத்த முதலிடம் மற்றொரு நாள் மாறியிருக்கக்கூடியதே.

ஆனால் 1976 இல் உண்மையில் சர்ச்சைக்கு உள்ளானது முதலிடம் யாருக்கு என்பது மட்டுமன்று. போர்தோ மண்ணுக்கு வெளியே விளையும் சிவப்பு ஒயின் காலத்தைத் தாங்குமா என்பதே அடிப்படைக் கேள்வி. அதற்கு இல்லை என்று சொன்னவர்களே சோதனையையும் குறிப்பிட்டிருந்தனர். அச்சோதனை நடந்து, அதன் விடை ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் வந்தது. தனித்தனி இடங்கள் மாறினாலும், கலிபோர்னிய ஒயின்கள் தளர்ந்துவிடும் என்ற கணிப்பு எந்தச் சுவைப்பிலும் மெய்ப்படவில்லை.

இதற்குச் சிறந்த சான்று ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971. பாரிஸில் அது ஐந்தாம் இடம் பெற்றது. செய்தியில் அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. 1978 இல் மூன்றாம் இடம். 1986 இல் ஒன்றில் இரண்டாம் இடம், மற்றொன்றில் மூன்றாம் இடம். 2006 இல் முதலிடம். முதல் ஐந்து இடங்களை விட்டு ஒருமுறைகூட விலகாமல் மேலே வந்த ஒயின் அது. முதல் நாளில் வென்ற ஸ்டாக்ஸ் லீப் 1973 பாட்டில் ஒன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. மறுப்பாளர்களின் கேள்விக்கு மிகத் தெளிவான விடை தந்ததோ, அன்று பெயர் பெறாத அந்த ஐந்தாம் இடத்து ஒயின்தான்.

இதன் விளைவு கலிபோர்னியாவோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியா, சிலி, அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் உற்பத்தியாளர்களும் பிற்காலத்தில் தங்கள் ஒயின்களைப் பெயர் மறைத்த சுவைப்புகளில் புகழ்பெற்ற பிரெஞ்சு ஒயின்களுக்கு அருகில் வைக்கத் தொடங்கினர். சிலி நாட்டு ஒயின்களுக்காக 2004 இல் பெர்லினில் நடந்த அத்தகைய ஒரு சுவைப்பில் ஸ்டீவன் ஸ்பரியரும் பங்கு கொண்டார். பெயர்ச்சீட்டைப் பார்த்து மதிப்பிடும் பழக்கம் இன்றும் மறைந்துவிடவில்லை. எனினும் பெயர்ச்சீட்டை மறைத்துப் பார்க்கலாம் என்று கேட்கும் துணிவு, அதுவரை அறியப்படாத ஊர்களில் திராட்சை நட்டவர்களுக்கும் கிடைத்தது.